மூன்றாவது வரிசைக்கு மேலே ஒரு கேள்வி

செங்குளம்பேட்டைப் பல்கலைக்கழகத்தில் இதழியல் துறை என்று ஒன்று இருப்பது அந்தப் பல்கலைக்கழகத்துக்கே நெடுநாள் தெரியாது. விலங்கியல்காரர்கள் தவளைகளைப் போட்டு வைத்திருந்த பழைய கூடத்துக்கும் சைக்கிள் கொட்டகைக்கும் நடுவே அது இருந்தது. பெயர்ப்பலகையில் ‘ழி’ மட்டும் உதிர்ந்து ‘இதயல் துறை’ என்று நின்றதால், மாதத்துக்கு இரண்டு மூன்று பேர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்து, டாக்டர் ஞானதிரவியம் என்று போட்டிருந்த அறையைப் பார்த்து ஆறுதலடைந்து, முதல் இரண்டு வகுப்புகளைக் கேட்டுவிட்டு, வந்தபோது இருந்ததைவிடச் சற்று அதிகமான வலியோடு திரும்பிப் போனார்கள்.

ஞானதிரவியம் இளமையில் பதினோரு மாதம் ஒரு நாளிதழில் நிருபராக இருந்தவர். அந்தப் பதினோரு மாதத்தை இருபத்தாறு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தவர். யார், என்ன, எப்போது, எங்கே, ஏன், எப்படி என்று ஆறு சொற்களைப் பலகையின் மேல் ஓரத்தில் பெயிண்டால் எழுதி வைத்திருந்தார். தேர்வுக்கு அந்த ஆறும் வரும், ஆனால் பிழைப்புக்கு முதல் நான்கே போதும் என்பது அவருடைய ஆய்வு முடிவு.

அந்த வருடம் சேர்ந்த பத்தொன்பது பேரில் பதினெட்டுப் பேர் வேறு துறைகளில் இடம் கிடைக்காதவர்கள். பேச்சியம்மாள் ஒருத்திதான் விண்ணப்பத்தில் முதல் விருப்பமாகவே இதழியலைப் போட்டிருந்தாள். எழுத்துப் பிழையாக இருக்கும் என்று நினைத்து அலுவலக குமாஸ்தா அவளை இரண்டு முறை கூப்பிட்டு விசாரித்தார். அவளுடைய அப்பா சங்கரபாண்டியன் பஸ் நிலையத்துக்குப் பின்னால் பழைய பேப்பர் கடை வைத்திருந்தார். நாட்டில் வெளியாகும் அத்தனை கருத்துகளையும் கட்டுக்கட்டாகத் தராசில் ஏற்றி இறக்கியவர் என்பதால் அவருக்கு எதன்மீதும் பகையில்லை.

“ஏட்டி, எந்தப் பேப்பரா இருந்தாலும் கடைசில நம்ம கடைக்குத்தாம்டி வரும். அதுக்கு எதுக்குப் படிப்பு?” என்றார்.

“வாரதுக்கு முன்னால ஒரு நாளு இருக்குல்லாப்பா. அந்த ஒரு நாளைக்குத்தான்” என்றாள் பேச்சி.

துறையின் பெருமை என்று சொல்ல ஒருவர் இருந்தார். தங்கப் பதக்கம் வாங்கிய முன்னாள் மாணவர் வேலாயுதப்பெருமாள், இப்போது அதே மாவட்டத்தின் மக்கள் தொடர்பு அலுவலர். வருடாவருடம் ஆடி மாதம் வந்து ‘இதழியல் படித்தால் எங்கே போகலாம்’ என்று பேசுவார். நிருபராகலாம், ஆனால் வெயில் அதிகம். தொலைக்காட்சியில் செய்தி வாசிக்கலாம், ஆனால் முகம் வேண்டும். விளம்பர நிறுவனத்துக்குப் போகலாம், அங்கே பொய்யென்று சொல்லிவிட்டே பொய் சொல்லலாம், மனசாட்சிக்கு அது மிகவும் நல்லது. அரசாங்கத்துக்கு வந்தால் கார் உண்டு. இப்படி ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போய், முடிவில் குரலைத் தாழ்த்தி, “ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கங்க தம்பிகளா. காட்சி நல்லா வரணும். காட்சி நல்லா வரலேன்னா, நடந்ததே நடக்கலேன்னு அர்த்தம்” என்பார். பதினெட்டுப் பேரும் அதைக் குறித்துக்கொண்டார்கள். பேச்சியும் குறித்துக்கொண்டாள்.

அவள் இறுதியாண்டு படிக்கும்போது, வைகாசி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலை, நெடுங்குளத்தின் மடை திறந்தது. கோடையில் திறக்காத மடை. வாய்க்கால் காய்ந்து கிடக்கிறது என்று நம்பி உள்ளே இறங்கிக் கோரை அறுத்துக்கொண்டிருந்த மூன்று பெண்கள், பூரணம், செல்லக்கனி, முப்பிடாதி, திரும்பிப் பார்ப்பதற்குள் தண்ணீர் வந்துவிட்டது. மூன்று பேரையும் மூன்றாவது பாலத்துக்கடியில் எடுத்தார்கள். மாலைக்குள் அறிக்கை வந்தது: மடையைக் காக்கும் லஸ்கர் ஆறுமுகநயினாரின் கவனக்குறைவே காரணம், அவர் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டார். ஒரு மடையைக் கவனக்குறைவாக எப்படித் திறக்க முடியும், அதன் சக்கரத்தை நாற்பத்திரண்டு சுற்றுச் சுற்ற வேண்டுமே என்று யாரும் கேட்கவில்லை. அறிக்கை நல்ல தாளில் அச்சாகியிருந்தது.

திங்கட்கிழமை அமைச்சர் வந்தார். பேச்சி அப்போது ‘அந்திச்செய்தி’ என்ற உள்ளூர் மாலை இதழில் பயிற்சிக்குப் போய்க்கொண்டிருந்தாள். அதன் ஆசிரியர், நிருபர், பிழைதிருத்துபவர் மூவரும் ராஜாமணி என்ற ஒரே ஆள். அன்றைக்கு மூவருக்கும் ஒரே சமயத்தில் பல்வலி வந்துவிட்டது. ஆகவே அவளைக் கூப்பிட்டு, “எம்மா, நீ போயிட்டு வந்திரு. எதுவும் கேக்காத. பிரஸ் நோட்டு குடுப்பாவ, வாங்கிக்கோ. மிக்சர் குடுப்பாவ, எனக்கும் சேத்து வாங்கிக்கோ” என்று கன்னத்தைப் பிடித்தபடி சொன்னார்.

மாவட்ட ஆட்சியர் அலுவலகக் கூட்ட அரங்கில் பதினோரு நிருபர்கள் இருந்தார்கள். ஒருவர், “அய்யா, செய்தி கேட்டதும் உங்க மனசு எப்படி இருந்துச்சு?” என்றார். இன்னொருவர், “சாப்பிடக்கூட இல்லாம வந்ததா சொல்றாங்களே?” என்றார். அமைச்சர் மடை திறந்தாற்போலப் பேசினார். தமக்கு மூன்று சகோதரிகள் இறந்துபோனதாகவே உணர்வதாகச் சொன்னார். பின்வரிசையில் நின்ற வேலாயுதப்பெருமாள் பிரஸ் நோட்டுகளை மடிப்புக் கலையாமல் விநியோகித்துக்கொண்டிருந்தார். மூன்றாவது வரிசையில் இருந்த பேச்சி எழுந்தாள். கேட்க வேண்டும் என்று அவள் திட்டம் போட்டு வரவில்லை. யாராவது கேட்பார்கள் என்று காத்திருந்து காத்திருந்து, மிக்சர் வரும் சத்தம் கேட்டதும் பயந்துபோய் எழுந்துவிட்டாள்.

“சார், அன்னைக்கு மடையத் திறக்கச் சொன்னது யாரு?”

அமைச்சர் அவளைப் பார்த்துப் புன்னகைத்தார். “எல்லாரும் டீ சாப்பிட்டுட்டுப் போங்க” என்று கும்பிட்டுவிட்டு எழுந்து போனார். நிருபர்கள் எழுந்தார்கள், பேச்சியும் எழுந்து போனாள். கேள்வி போகவில்லை. மூன்றாவது வரிசைக்கு மேலே, ஓர் ஆள் உயரத்துக்குச் சற்றே கூடுதலான உயரத்தில், அவள் குரலிலேயே அது நின்றது. ஒரு மூச்சு விடும் நேரம் இடைவெளி விட்டு, மறுபடியும் தன்னைச் சொல்லிக்கொண்டது. சார், அன்னைக்கு மடையத் திறக்கச் சொன்னது யாரு?

யாரும் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. அரசு அலுவலகத்தில் நின்றுபோன விஷயங்கள் அதற்கு முன்பும் ஏராளமாக இருந்தன. கடைநிலை ஊழியர் முதலில் ஒட்டடைக் கம்பால் அதைத் தட்டிப் பார்த்தார். பொதுப்பணித் துறையிலிருந்து ஓர் உதவிப் பொறியாளர் வந்து தரையிலிருந்து அதன் உயரத்தை டேப் வைத்து அளந்து, சுவரையோ கூரையையோ தொடாமல் நிற்பதால் அது கட்டடப் பிரிவுக்கு உட்பட்டதல்ல என்று எழுதிவிட்டுப் போனார். மின்சாரப் பிரிவு, இது மின்சாரம் இழுக்கவில்லை என்று கைவிரித்தது. தீயணைப்பு நிலையம், எரியாத பொருளுக்குத் தாங்கள் வர இயலாது என வருத்தம் தெரிவித்தது. கோப்பு ஒன்று திறக்கப்பட்டு, ‘பொருள்: கேள்வி, அகற்றுதல் தொடர்பாக’ என்று தலைப்பிடப்பட்டு மேசை மேசையாகச் சுற்றத் தொடங்கியது. பதினோரு நாளிதழ்களும் மறுநாள், ‘கூட்ட அரங்கில் ஒலிபெருக்கிக் கோளாறு’ என்று ஒரே வாசகத்தில் எழுதின. வேலாயுதப்பெருமாள் கொடுத்த பிரஸ் நோட்டில் அப்படித்தான் இருந்தது.

அப்புறம் ஊர் அதற்குப் பழகிவிட்டது. திங்கள்தோறும் மனு கொடுக்க வந்த சனங்கள், பட்டா மாறுதலுக்கும் முதியோர் உதவிக்கும் நடுவே அந்தக் கேள்வியைக் காதில் வாங்கிக்கொண்டே வரிசையில் நின்றார்கள். அதிகாரிகள் அது ஒரு மூச்சு விடும் இடைவெளியில் பதில் சொல்லிப் பழகியதால், மனுக்கள் முன்பைவிட வேகமாக நிராகரிக்கப்பட்டன. கைக்குழந்தைகள் அதற்கடியில் அழாமல் தூங்குவதாகச் செய்தி பரவி, தாய்மார்கள் வந்தார்கள். தாய்மார்கள் வந்ததால் பலூன்காரர் வந்தார். மூன்றாவது வரிசை நாற்காலி ஒன்றில் யாரோ குங்குமம் வைத்தார்கள். அரசுத் தேர்வுக்குப் பயிற்சி கொடுக்கும் நிலையத்தார் மாணவர்களை அழைத்து வந்து காட்டி, அடுத்த வாரத் தேர்வில் அதைக் கேட்டு நான்கு விடைகளும் கொடுத்தார்கள்: லஸ்கர், மழை, விதி, மேற்கண்ட அனைத்தும். ஒரு தொலைக்காட்சியில் நான்கு பேர் நான்கு கட்டங்களில் உட்கார்ந்து, ‘கேள்வி கேட்கும் தொனி சரியா?’ என்று ஒரு மணி நேரம் விவாதித்தார்கள். கேள்வியில் ‘சார்’ இருப்பதால் மரியாதைக் குறைவு இல்லை என்று மூவரும், அந்த ‘சார்’ உள்ளபடியே மரியாதையாகச் சொல்லப்படவில்லை என்று ஒருவரும் கருதினார்கள். மடையைப் பற்றிப் பேச நேரம் போதவில்லை.

இறந்துபோன முப்பிடாதியின் அக்கா மாடத்தி மட்டும் தினமும் வந்தாள். காலையில் பத்து மணிக்கு வந்து, கொண்டுவந்த சாக்கை விரித்துச் சுவரோரமாக உட்கார்ந்து, மாலை ஐந்து மணிக்குக் கதவைச் சாத்தும்வரை அதைக் கேட்டுக்கொண்டிருப்பாள். ஏன் வருகிறாய் என்று கடைநிலை ஊழியர் கேட்டதற்கு, “வீட்டுல இருந்தா எல்லாரும் ‘விடு, விடு’ங்காவ. இங்க வந்தா ஒருத்தியாவது கேட்டுக்கிட்டு இருக்காள்லா” என்றாள்.

பல்கலைக்கழகத்தில் ஞானதிரவியத்துக்கு இரண்டு மனசாக இருந்தது. தர மதிப்பீட்டுக் குழுவுக்கு அனுப்பும் அறிக்கையில், ‘எமது மாணவியின் கேள்வி இன்றுவரை நிலைத்து நிற்கிறது’ என்று சாதனைகள் பகுதியில் எழுதினார். அதே பேனாவால் பேச்சிக்குப் பயிற்சி மதிப்பெண்ணில் முட்டை போட்டார்.

“பாடத்திட்டத்துல நேர்காணல் கலைன்னு ஒரு தாளே இருக்கேம்மா. ‘உங்கள் வெற்றியின் ரகசியம் என்ன’ன்னு கேளு. ‘இளைஞர்களுக்கு என்ன சொல்ல விரும்புறீங்க’ன்னு கேளு. பதில் வரும், கேள்வியும் போயிரும், ரெண்டு பேருக்கும் நிம்மதி. நான் ரிப்போர்ட்டரா இருந்த காலத்துல என் கேள்வி ஒண்ணுகூட ஒரு இடத்துலயும் நின்னது கிடையாது” என்றார்.

“நீங்க என்ன சார் கேட்டீங்க?” என்றாள் பேச்சி.

ஞானதிரவியம் உடனே, “பூக்கண்காட்சியில எத்தன வகை ரோஜா இருக்குன்னு கேட்டேன். நூத்திப் பன்னெண்டு” என்று படபடவென்று சொல்லிவிட்டு, அறையின் மேற்பகுதியை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

அவர் மட்டுமில்லை, ஊரே அப்படி ஆகிவிட்டது. பேச்சி வாயைத் திறந்தால் பதில் கொட்டியது. இந்த பஸ் எப்போது கிளம்பும் என்றால் கண்டக்டர் நிமிஷம் தப்பாமல் சொல்லி, சொன்ன நிமிஷத்தில் டிரைவரை இழுத்து வந்து ஏற்றினார். வெண்டைக்காய் பிஞ்சா என்றால் கடைக்காரர், “இல்ல தாயி, முத்தல், நேத்துள்ளது” என்று ஒப்புக்கொண்டார். ஊரிலேயே அதிகம் உண்மை கேட்டுக்கொண்டு வாழ்ந்தவள் அவள்தான், வேலைதான் கிடைக்கவில்லை.

வேலைவாய்ப்பு முகாமுக்கு வந்தவர்கள் எல்லோருக்கும் அவளைத் தெரிந்திருந்தது. ஓர் இணையதளத்தார், ‘அடுத்து நடந்தது என்ன?’ என்று முடியும் தலைப்புகள் எழுத ஆள் தேடினார்கள். அடுத்து நடந்ததை இவள் எங்கே எழுதிவிடுவாளோ என்று பயந்து அவளை விட்டுவிட்டார்கள். ஒரு தொலைக்காட்சி, கேட்டவுடன் கரைந்துபோகும் கேள்விகளைக் கேட்க முடியுமா என்று விசாரித்தது. ஓர் அரசியல் கட்சியின் இணைய அணி மிகவும் உற்சாகமாக வந்து, எதிர்க்கட்சி அலுவலகத்துக்கு மட்டும் போய்க் கேட்பதாக இருந்தால் இன்றைக்கே சேரலாம் என்றது. ஒவ்வொரு நேர்முகத்தின் முடிவிலும் வழக்கமாகச் சொல்லும் ‘எங்களிடம் ஏதாவது கேட்க வேண்டுமா’ என்ற வரிக்கு வரும்போது, அத்தனை பேரும் அதை விழுங்கிவிட்டுத் தண்ணீர் குடித்தார்கள். கூடப் படித்த பதினெட்டுப் பேருக்கும் வேலை கிடைத்தது. அதில் ஒருவன் கல்யாண வீடியோ எடுக்கப் போனான். அவன் ஒருவன்தான் நடந்ததை நடந்தபடி பதிவு செய்யும் வேலைக்குப் போனவன் என்று துறையில் பேசிக்கொண்டார்கள்.

நாற்பத்து மூன்றாம் நாள் வேலாயுதப்பெருமாள் அவளைக் கூப்பிட்டனுப்பினார். அவருடைய அறைக்கும் கூட்ட அரங்குக்கும் நடுவே ஒரு பலகைத் தடுப்புதான். பகல் முழுக்க அந்தக் குரல் தடுப்பைத் தாண்டி வந்துகொண்டிருந்தது. அவருக்குக் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

“உக்காரும்மா. நீயும் நானும் ஒரே பெஞ்சுல படிச்சவங்க. இங்க உதவியாளர் வேலை ஒண்ணு காலியா இருக்கு, ஒப்பந்த அடிப்படைதான், பின்னாடி நிரந்தரம் பண்ணிரலாம். நல்லா எழுதுவேன்னு ஞானதிரவியம் சார் சொன்னாங்க” என்று சொல்லி ஒரு படிவத்தை நகர்த்தினார். ‘அரங்கில் என்னால் கேட்கப்பட்ட கேள்வியை முழு மனதுடன் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்’ என்று அதில் அச்சடித்திருந்தது. “அதுக்குக் கீழ நின்னு வாயால ஒருதரம் சொன்னாப் போதும். கேட்டவங்களே வேண்டாம்னா போயிரும்னு நினைக்கிறேன்.”

பேச்சி ஒன்றும் வீராங்கனை இல்லை. அப்பாவின் முதுகு அந்த வருடம் பேப்பர்க் கட்டுத் தூக்க முடியாமல் வளைந்துவிட்டிருந்தது. தெருவில் எல்லோரும் அவளைப் பார்த்தால் பதிலை நாக்கில் வைத்துக்கொண்டு நடந்தார்கள், சிரித்துப் பேச ஒருவரும் இல்லை. தன் குரலைத் தானே வெறுக்கும் அளவுக்கு அவளுக்கு அலுத்திருந்தது. படிவத்தை எடுத்துக்கொண்டு, உள்ளுக்குள் ஒரு பெரிய நிம்மதியோடு, அரங்குக்குள் போனாள்.

மாடத்தி சாக்கில் உட்கார்ந்திருந்தாள். பேச்சியை அவள் அதற்கு முன் பார்த்ததில்லை. மேலே கேட்பதும், “இங்க நான் கொஞ்சம் நிக்கட்டுமா?” என்று எதிரே கேட்பதும் ஒரே குரல் என்பதை ஒரு கணத்தில் கண்டுகொண்டு, சாக்கில் பாதியை ஒதுக்கிக் கொடுத்தாள்.

“வாளா, உக்காரு. நீதானா அது? நாப்பது நாளா கத்துதியே, தொண்ட வலிக்கலையாளா?” என்று தன் தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்து நீட்டினாள்.

பேச்சி வாங்கிக் குடித்தாள். சொல்ல வந்த வாக்கியம் தண்ணீரோடு உள்ளே போய்விட்டது.

“நான் ஒண்ணு கேக்கட்டா?” என்றாள் மாடத்தி. “இத நீ ஆருகிட்ட கேட்ட?”

“அமைச்சர்கிட்ட.”

“அவருக்கு அது தெரியுமா?”

பேச்சி பாட்டிலை மூடித் திருப்பிக் கொடுத்தாள். ஐந்து பருவம், இருபது தாள், பலகையில் ஆறு சொற்கள். கேள்வியை எப்படிக் கேட்பது என்று படித்திருந்தாள், யாரிடம் என்பது எந்தத் தாளிலும் வந்ததில்லை. அமைச்சருக்குத் தெரியாமலே இருக்கலாம். பாவம், அவருக்குத் தெரியாத சங்கதிகள் எவ்வளவோ இருந்தன. சிரித்தாரே தவிர அவர் ஒளிக்கவில்லை. நாற்பத்து மூன்று நாளாக, பதில் தெரியாத ஒருவரிடம் கேட்ட கேள்வி, அவர் எழுந்து போன பிறகும் அவருடைய காலி நாற்காலியைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருக்கிறது.

“தெரிஞ்சவன்கிட்டப் போயிக் கேளும்மா” என்றாள் மாடத்தி, காய் வாங்கச் சந்தைக்கு வழி சொல்வதைப் போல.

படிவத்தை மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டு பேச்சி நெடுங்குளத்துக்கு பஸ் ஏறினாள். லஸ்கர் ஆறுமுகநயினார் வீட்டுக்கு அதுவரை எந்த நிருபரும் போயிருக்கவில்லை. அவரைப் பற்றி எல்லாமே அறிக்கையில் இருந்ததால் அவரைப் பார்க்க வேண்டிய தேவை ஏற்படவில்லை. அவர் அறுபதை நெருங்கிய ஒல்லியான மனிதர். வாசலில் நின்றபடியே, கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார்.

“போன் வந்துச்சு, திறந்தேன். பெரிய ஆபீஸ்ல இருந்து பேசுதேன்னாவ. பேரு சொல்லல. நல்ல தமிழு. ரேடியோவுல பேசுத மாதிரி.”

“என்ன சொன்னாங்க?”

“பத்து நிமிஷம் தண்ணி போனாப் போதும், மறுபடி அடச்சிரலாம்னாவ. காட்சி நல்லா வரணும்னாவ. எனக்கு அது ஒண்ணும் வெளங்கல.”

பேச்சிக்கு விளங்கியது. அவள் அதை ஆடி மாதம் நோட்டில் குறித்துக்கொண்டவள்.

மறுநாள் காலை அவள் வந்தபோது வேலாயுதப்பெருமாள் அரங்கிலேயே நின்றிருந்தார். அவள் வாபஸ் வாங்குவதைப் படமெடுக்கக் கேமராக்காரரையும் நிறுத்தி வைத்திருந்தார், வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். மாடத்தி சாக்கில் இருந்தாள். மேலே கேள்வி தன்பாட்டுக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. பேச்சி மைக் பக்கம் போகவில்லை. நேரே அவர் முன்னால், கையெட்டும் தூரத்தில் போய் நின்று, வீட்டு மனிதரிடம் கேட்பதுபோல மெதுவாகக் கேட்டாள்.

“அண்ணே, மடையத் திறக்கச் சொன்னது யாரு?”

“நான்தான்” என்றார் வேலாயுதப்பெருமாள்.

அவருக்கே அது எதிர்பாராததாக இருந்திருக்க வேண்டும். பின்னால் யாரோ சொன்னதுபோலத் திரும்பிப் பார்த்தார். அப்புறம் பக்கத்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, குங்குமம் ஒட்டியிருந்ததுகூடத் தெரியாமல், தொடர்ந்து சொன்னார். மடை திறந்த நாளுக்கு மறுநாள் அமைச்சரை வைத்து நீர் மேலாண்மை பற்றி ஒரு படம் எடுப்பதாக இருந்தது. ஓடுகிற தண்ணீரில் அவர் பூத்தூவ வேண்டும். முந்தின நாளே போய் வாய்க்காலைப் படமெடுத்துப் பார்த்தால் மண்ணாகக் கிடந்தது. யாரும் தண்ணீர் கேட்கவில்லை, அமைச்சர் கேட்கவில்லை, ஆட்சியர் கேட்கவில்லை. அவராகவே நினைத்தார், அவராகவே போனை எடுத்தார். “உள்ள ஆள் இருப்பாங்கன்னு எனக்குத் தெரியாதும்மா. பத்து நிமிஷம்தான் நெனச்சேன்.” பிறகு, குறைசொல்லும் குரலில்லை, வியப்போடுதான் சொன்னார்: “பதினோரு பேரு வந்தீங்களே. ஒருத்தர்கூட என்கிட்ட எதுவுமே கேக்கல. இருபது வருஷமா யாரும் என்கிட்ட எதுவும் கேட்டதில்ல. நோட்ட மட்டும் வாங்கிட்டுப் போயிருவாங்க.”

அப்போதுதான் எல்லோரும் கவனித்தார்கள். கேள்வி ஒலிப்பது நின்றிருந்தது. ‘மடையத் திற’ என்பதோடு பாதியில் ஓய்ந்து போயிருந்தது. அந்த அமைதியைத் தாங்க முடியாமல் தட்டச்சர்களும் குமாஸ்தாக்களும் என்னவோ உடைந்துவிட்டது என்று அறைகளைவிட்டு ஓடி வந்தார்கள். ஓர் ஓரத்தில் தூங்கிக்கொண்டிருந்த கைக்குழந்தை விழித்து வீறிட்டு அழுதது.

மாடத்தி எழுந்து வந்து அவர் முகத்தைக் கிட்டத்தில் பார்த்தாள். “பத்து நிமிஷமா?” என்றாள். சாக்கை உதறி மடித்து இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். அதன் பிறகு அவள் அந்தப் பக்கம் வந்ததில்லை.

வேலாயுதப்பெருமாள் அன்று மதியமே தன் அறையில் உட்கார்ந்து, நடந்ததை ஒரு பிரஸ் நோட்டாகத் தானே எழுதிக் கையெழுத்துப் போட்டார். யார், என்ன, எப்போது, எங்கே, ஏன், எப்படி, ஆறும் முதல் பத்தியிலேயே இருந்தன. அவர் வாழ்நாளில் எழுதிய முதல் செய்தி அதுதான் என்றும், கேட்டால் தாம் எழுபத்தைந்து மதிப்பெண் போடுவதாகவும் ஞானதிரவியம் பின்னாளில் வகுப்பில் சொன்னார். வேலாயுதப்பெருமாள்மீது வழக்குப் பதிவானது. ஆறுமுகநயினாரின் பணிநீக்கம் ரத்தானது. பதினோரு நாளிதழ்களுக்கும் அந்த நோட்டு போய்ச் சேர்ந்தது. அதை எப்படிப் போடுவது என்று கேட்க வழக்கமாக அவர்கள் போன் செய்யும் ஆள் வேலாயுதப்பெருமாள்தான் என்பதால் பெரிய குழப்பமாகி, கடைசியில், ‘கூட்ட அரங்கில் ஒலிபெருக்கி சீரமைப்பு: பொதுமக்கள் மகிழ்ச்சி’ என்று வெளியிட்டார்கள். பொதுமக்கள் மகிழ்ந்ததாகத் தெரியவில்லை. திங்கட்கிழமைகளில் மனுக்களை நிராகரிக்க மறுபடியும் நெடுநேரம் பிடித்தது. பலூன்காரர் ஒரு வாரம் காத்திருந்து பார்த்துவிட்டுத் தேரோட்டத்துக்குப் போய்விட்டார்.

‘அந்திச்செய்தி’ மட்டும் பேச்சி எழுதியதை மூன்றாம் பக்கத்தில் அவள் பெயரோடு போட்டது. ராஜாமணி பல் பிடுங்கிய வீக்கத்தோடு உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் படித்து, ஒரு சொல்லைக்கூட மாற்றாமல், “நீ இங்கயே இருந்திரு. சம்பளம்னு பெருசா இருக்காது, ஆனா எனக்குப் பல்வலி அடிக்கடி வரும்” என்றார். கடைசி ஒரு பத்தியை மட்டும் வெட்ட வேண்டியிருந்தது. இடமில்லை, கீழே கால் பக்கத்துக்கு, இதழியல் படிக்க விண்ணப்பிக்கலாம் என்று பல்கலைக்கழகத்தின் விளம்பரம் வந்துவிட்டிருந்தது.

வெட்டப்பட்ட பத்தியில் இருந்த சங்கதி இதுதான்.

பணிநீக்கம் ரத்தான ஆணை வந்த அன்று பேச்சி மறுபடியும் நெடுங்குளத்துக்குப் போனாள். தபால் வருவதற்கு முன் தானே சொல்லிவிட வேண்டும் என்று ஓட்டமும் நடையுமாகப் போனாள். ஆறுமுகநயினார் வீட்டில் இல்லை, மடைமேல் உட்கார்ந்திருந்தார். அவள் மூச்சு வாங்கச் சொன்னதை முழுக்கக் கேட்டார்.

“உங்க மேல ஒரு தப்பும் இல்லன்னு எழுதியே குடுத்துட்டாங்க அய்யா” என்றாள்.

“சரிம்மா” என்றார்.

கீழே வாய்க்கால் காய்ந்து கிடந்தது. அறுத்த கோரையின் கட்டைகள் வரிசையாகத் தெரிந்தன, ஓரிடத்தில் வரிசை பாதியில் நின்றிருந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சொன்னது அவருதாம்மா. சுத்துனது நானுல்லா” என்றார். “நாப்பத்திரண்டு சுத்து. முப்பது வருஷமா எவம் போன் பண்ணுனாலும் ‘சரிங்கய்யா’ன்னே சொல்லிப் பழகிட்டேன். அன்னைக்கும் அப்பிடித்தான் சொன்னேன்.”

பேச்சி நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டாள். அவர் அவள் பக்கம் திரும்பிச் சொன்னார்:

“எதுக்குன்னு ஒரு வார்த்த, நான் திருப்பிக் கேட்டிருக்கணும்லாம்மா?”